சீப்பின் பல்லும் சீப்பின் தலையும்

கேள்வி: என் மாமனார் 1970களில் கானா நாட்டில், குமாசி நகரத்துக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருந்தவர். பரணை ஒழித்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு மரச்சீப்பு கிடைத்தது. ஒரு சாணுக்கு மேல் நீளம். பத்தே பற்கள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலைவிடப் பெரியது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இரண்டு தீக்குச்சி சேர்ந்து நுழையும். மேலே தட்டையான வட்ட முகம், உயர்ந்த நெற்றி, கழுத்தில் மடிப்பு மடிப்பாக வளையம். ஊர் திரும்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்தது என்கிறார் என் மாமியார். கூடவே வெள்ளை நிறத்தில் ஒரு கொண்டை ஊசியும் இருந்தது. இவ்வளவு இடைவெளி விட்ட பற்களை வைத்து எதைச் சீவ முடியும்? இது சீப்பா, அலங்காரப் பொருளா, பூசைப் பொருளா? என் மகள் இதைக் கொண்டையில் செருகிக்கொண்டு கல்லூரி விழாவுக்குப் போக ஆசைப்படுகிறாள். "பொம்மை வைத்த சீப்பு, மாந்திரீகமாக இருந்துவிடப் போகிறது" என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். சீப்பை எப்படிப் பாதுகாப்பது? அந்த ஊசி தந்தமா? படங்கள் இணைத்துள்ளேன்.

வாசகி, திருநெல்வேலி

பதில்: மாந்திரீகம் ஒன்றும் இல்லை, முதலில் மகளுக்குத் தைரியம் சொல்லுங்கள். படத்தில் இருப்பது கானாவின் அசாந்தே மக்களுடைய சீப்பு. தலைவாரவும் ஆகும், தலையில் செருகவும் ஆகும். இரண்டு வேலைக்கும் சேர்த்துத்தான் அதைச் செதுக்குவார்கள். ஆப்பிரிக்கச் சீப்பு எதைப் பார்த்தாலும் அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். கீழ்ப்பாதி பல், மேல்பாதி தலை. பல் எப்படி இருக்க வேண்டும் என்பதை முடி தீர்மானித்துவிடும். தலை எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள். அதனால்தான் கண்டம் முழுவதும் பற்களுக்குள் ஒரு குடும்பச் சாயல் தெரிகிறது. தலைகளோ ஊருக்கு ஊர் மாறுகின்றன.

முதலில் பல். சீப்பு என்றதும் நமக்கு மேலிருந்து கீழே இழுப்பதுதான் நினைவுக்கு வரும். நீண்டு தொங்கும் முடிக்கு அது சரி. அசாந்தே பெண்ணின் முடி சுருள் சுருளாக, அடர்ந்து, மேல்நோக்கி எழும்பி நிற்பது. அதில் ஓர் இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால் வட்டமாகத் தெரியாது, தட்டையான நீள்வட்டமாகத் தெரியும். தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலே வளைந்ததுதான். தோல் சுரக்கும் எண்ணெய் அத்தனை வளைவுகளையும் தாண்டி நுனிவரை இறங்குவதில்லை. அதனால் முடி சீக்கிரம் வறண்டு போகும், வளைகிற இடங்களில் எளிதில் முறியும், ஒன்றோடொன்று பின்னி முடிச்சு விழும். அதற்குள் நம் பேன்சீப்பை விட்டு இழுத்தால் சீப்பின் பல் போகும், அல்லது முடி அறுந்து வரும்.

உங்கள் பாட்டி காலத்தில் சிக்கெடுக்கச் சிணுக்கோலி என்று ஒரு கம்பி வைத்திருந்தார்களே, அது செய்த வேலையைத்தான் இந்தப் பற்களும் செய்கின்றன; சிணுக்கோலிகள் பத்தை ஒரே மரத்தில் நிறுத்தி வைத்தது போல. முதலில் முடியை நனைத்தோ எண்ணெய் தொட்டோ இளக்கிக்கொள்வார்கள். மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிப் பகுதியில் இதற்கு ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் வெண்ணெய் பேர்போனது. பிறகு நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கை விடுவித்துக்கொண்டே வேருக்குப் போவார்கள். கடைசியில் பல்லை வேர்வரை செருகி, முடியை மேலே தூக்கி விடுவார்கள். அடர்ந்த முடியைத் துளைத்து மண்டைத்தோலைத் தொட வேண்டும் என்பதால் பல் நீளம். சுருளைக் கலைக்காமல் உள்ளே புக வேண்டும் என்பதால் இடைவெளி. தோலைக் கீறக் கூடாது என்பதால் மொண்ணை நுனி. நீங்கள் குறை என்று நினைத்தது மூன்றும் கணக்குப் போட்டுச் செய்தவை.

செதுக்குகிறவனுக்கும் ஒரு கணக்கு உண்டு. உங்கள் சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மரத்தின் நார் பல்லின் நீளவாக்கில் ஓடும். குறுக்கே ஓடவிட்டால் முதல் சிக்கிலேயே பல் ஒடிந்துவிடும். அசாந்தே சீப்பில் பல், கழுத்து, முகம் எல்லாம் ஒரே மரத்துண்டு, ஒட்டு கிடையாது. காங்கோ ஆற்றுப் பகுதியில் இன்னொரு வழி உண்டு. மூங்கில் அல்லது ஈர்க்குச் சிம்புகளைத் தனித்தனியாகச் சீவி, வரிசையாக அடுக்கி, நாராலோ கம்பியாலோ இறுக்கிப் பின்னிவிடுவார்கள். அதில் பின்னலே அலங்காரமாகிவிடும்.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. எகிப்தில் பிரமிடுகள் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நைல் கரையில் இறந்தவர்களோடு எலும்புச் சீப்புகளையும் தந்தச் சீப்புகளையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். அவற்றில் பலவற்றின் தலையில் பறவையோ விலங்கோ நிற்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு தந்தச் சீப்பு இருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் செய்தது. பற்களெல்லாம் போய்விட்டன, மிஞ்சிய தலை உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் வரிசை வரிசையாக விலங்குகள்: பாம்புகளை மிதித்து நடக்கும் யானைகள், நீர்ப்பறவைகள், ஒட்டகச்சிவிங்கி, கழுதைப்புலிகள், மாடுகள். கெய்ரோவில் இருக்கும் இன்னொரு தந்தச் சீப்பு முதல் அரச வம்சத்து மன்னன் ஜெட்டின் பெயர் தாங்கியது. அரண்மனை முகப்பு வடிவக் கட்டத்துக்குள் ஒரு பாம்பு, அதுதான் அவன் பெயர், மேலே வல்லூறு, அதற்கும் மேலே விரிந்த இரண்டு சிறகுகள், அவைதான் வானம், வானத்தின் மேல் ஒரு படகில் மறுபடியும் வல்லூறு. அரசன் யார், அவனுக்கு மேலே யார் என்ற அரசியல் பாடம் முழுவதையும் ஒரு சீப்பின் தலையில் எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகம் 2013-ல் இத்தகைய பழஞ்சீப்புகளில் தொடங்கி இன்றைய பிளாஸ்டிக் சீப்பு வரை 6,000 ஆண்டுக் கதையை ஒரே கண்காட்சியாக வைத்தது. நடுவில் எத்தனையோ மக்கள், எத்தனையோ மொழிகள். பல்லின் நீளமும் இடைவெளியும் மட்டும் பெரிதாக மாறவே இல்லை.

இப்போது தலைக்கு வருவோம். உங்கள் சீப்பின் மேல் இருக்கும் வட்ட முகம் அக்குவாபா என்ற மரப்பாவையின் முகம். அக்குவா என்றொரு பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. பூசாரி ஒருவர் மரத்தில் ஒரு பிள்ளை செய்து முதுகில் கட்டிக்கொண்டு, நிஜப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ஊரார் கேலி செய்தார்கள். அவளோ அப்படியே செய்தாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாவை பற்றி, அசாந்தேயும் அடங்கிய அக்கான் மக்கள் சொல்லும் கதை இது. பிள்ளை வேண்டுபவர்கள் அந்தப் பாவையைச் சுமந்த வழக்கம் உண்மைதான். வீட்டில் பயந்தவர்கள் காதிலும் இந்தக் கதைதான் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

ஆனால் பாவை வேறு, சீப்பு வேறு. சீப்பில் அந்த முகம் வருவது அழகின் இலக்கணமாக. அகன்று உயர்ந்த நெற்றி, சின்ன வாய், கழுத்தில் வரி. நன்றாகச் சாப்பிட்டுச் செழிப்பாக இருக்கும் பெண்ணுக்குத்தான் கழுத்தில் அப்படி மடிப்பு விழும் என்பது அவர்கள் எண்ணம். சீப்பைத் தலையில் செருகும் பெண்ணைப் பார்த்து, "நீ இவளைப் போல இருக்கிறாய்" என்று சொல்லும் முகம் அது. சொல்கிறவன் பெரும்பாலும் ஓர் ஆண். அசாந்தேயில் மரம் செதுக்குவது ஆண்களின் தொழில். கணவன் மனைவிக்கு, காதலன் காதலிக்கு இத்தகைய சீப்பைச் செய்வித்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். பூப்பு, திருமணம் போன்ற நாட்களுக்கு அது பொருத்தமான பரிசு. பெண்கள் அதைத் தங்களுக்குள்ளும் கைமாற்றிக்கொள்ளலாம், உங்கள் மாமியாருக்குக் கொடுத்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் போல.

எல்லாச் சீப்பிலும் முகம் இருக்காது. சிலவற்றின் தலையில் அசாந்தே முக்காலி இருக்கும். அதுவும் மனைவிக்குக் கொடுக்கும் பரிசுதான். சிலவற்றில் திரும்பிப் பார்க்கும் சங்கோஃபா பறவை இருக்கும். சன்னல் கம்பி போலத் துளையிட்டுச் செதுக்கிய பெரிய பெரிய தலைகள் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு வேலை. அடிங்க்ரா என்ற அச்சுத்துணியில் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு பொருள் உண்டு. அவற்றில் ஒன்று துவாஃபே எனும் மரச்சீப்பு. பெண்ணுக்கு அழகென்று அவர்கள் கருதும் தூய்மை, பொறுமை, பரிவு எல்லாவற்றுக்கும் அந்தச் சீப்பே அடையாளம். தலைவாரும் சாமானுக்கு அப்படி ஒரு மரியாதை.

அசாந்தேக்கு வெளியே போனால் தலை மாறிவிடும் என்றேன் அல்லவா? அங்கோலாவிலும் காங்கோவின் தெற்கிலும் வாழும் சோக்வே மக்களிடம் ஆண்களும் சீப்பு அணிந்தார்கள். அவர்கள் சீப்பின் தலையில் நாற்காலியில் அமர்ந்த தலைவர்களையும் பறவைகளையும் பார்க்கலாம். காங்கோவின் லூபா பெண்கள் கொல்லனின் பட்டடை வடிவத்தில் செய்த இரும்பு ஊசிகளைக் கூந்தலில் குத்தினார்கள். அரசு என்பது இரும்பில் பிறந்தது என்று நம்பிய மக்கள் அவர்கள். தெற்கே ஜூலுக்கள் எலும்பில் ஒரு விசித்திரமான சாமான் செய்தார்கள். ஒரு முனை மூக்குப்பொடி எடுக்கும் குட்டிக் கரண்டி, மறுமுனை சீப்புப் பல். தலையில் செருகிக்கொண்டால் அலங்காரம். பொடி வேண்டும்போது உருவிக்கொண்டால் கரண்டி. பொடியைப் பகிர்ந்துகொள்வது அங்கே நட்புக்கும் காதலுக்கும் அடையாளம் என்பதால் அந்தக் கரண்டி தலையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது.

காங்கோவின் வடகிழக்கில் மங்பெட்டுப் பெண்கள் பின்னந்தலையில் பிரம்புச் சட்டம் வைத்து, முடியை அதன்மேல் விரித்துக் கட்டி, தந்தத்திலும் எலும்பிலும் செய்த நீண்ட ஊசிகளைக் குத்தி நிறுத்துவார்கள். 1909 முதல் 1915 வரை அங்கே தங்கியிருந்த அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழுவைச் சேர்ந்த ஹெர்பர்ட் லாங் எடுத்த படங்களில் அந்தக் கூந்தலைக் காணலாம். நமீபியாவின் ஹிம்பாப் பெண்ணுக்கோ முடியே ஆபரணம். வெண்ணெயும் செங்காவிக்கல் பொடியும் குழைத்த ஒட்ஜீசேயை ஒவ்வொரு சடையிலும் பூசுவார்கள். சிறுமிக்கு முகத்தின் மேல் முன்பக்கம் விழும் இரண்டு சடை. மணமானபின் உச்சியில் தோலால் செய்த எரெம்பே. வயது என்ன, மணமானவளா என்பதைக் கேட்காமலே தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மாலியின் ஃபுலானிப் பெண்கள் பெரிய பெரிய அம்பர் மணிகளையும் வெள்ளிக் காசுகளையும் சடையில் கோத்துக்கொண்டார்கள். குடும்பத்துச் சேமிப்பு தலையிலேயே இருந்தது.

மணிக்கணக்கில் உட்கார்ந்து கட்டிய கூந்தலை ஒரே இரவில் கலைய விடலாமா? அதற்குத்தான் மரத் தலைக்கட்டை. கழுத்துக்கு முட்டுக்கொடுத்துத் தூங்கினால் முடி தரையில் படாது. கென்யாவின் துர்கானா ஆண்கள் களிமண் பூசி இறகு செருகிய தங்கள் கொண்டையைக் காப்பாற்றுவது இப்படித்தான். எகிப்து மன்னன் துத்தன்காமனின் கல்லறையில் 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த பொருட்களிலும் தந்தத் தலைக்கட்டை உண்டு. சீப்பு, ஊசி, தலைக்கட்டை மூன்றையும் ஒரே தொழிலின் கருவிகளாகப் பார்த்தால்தான் கதை முழுதாகப் புரியும்.

அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்தவர்களுக்கு இந்தக் கருவிகள் கிடைக்கவில்லை. 1786-ல் லூசியானாவின் ஸ்பானிய ஆளுநர் எஸ்தபான் மிரோ, கறுப்பினப் பெண்கள் நகையும் இறகும் சூடாமல் தலையைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர்கள் அந்தத் துணியையே விதவிதமாகக் கட்டி அழகாக்கிக்கொண்டது வேறு கதை. முடியை நேராக்கிக்கொள்வதுதான் நாகரிகம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட அமெரிக்காவில், 1960களில் இளைஞர்கள் சுருள்முடியை அப்படியே ஓங்கி வளரவிட்டபோது நீண்ட பல் சீப்பு மறுபடியும் தேவைப்பட்டது. உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் வந்தது. 1970களில் அதன் தலையில் மடக்கிய முஷ்டி ஏறியது. பின்பாக்கெட்டில் முஷ்டி வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு நடப்பதே ஓர் அறிக்கை. 2017-ல் ஹாங்க் வில்லிஸ் தாமஸ் என்ற கலைஞர் இதே சீப்பைச் சுமார் எட்டு அடி உயரத்துக்குச் செய்து ஃபிலடெல்ஃபியா நகர மையத்தில் நிறுத்தினார். அந்த 1960களில் ஆப்பிரிக்காவிலும் கூந்தல் சும்மா இருக்கவில்லை. நைஜீரியப் புகைப்படக்காரர் ஒஜெய்கெரே 1968-ல் தொடங்கி, பெண்களின் கூந்தல் ஒப்பனைகளைப் பெரும்பாலும் பின்பக்கமிருந்து, கறுப்பு வெள்ளையில், ஆயிரத்துக்கு நெருக்கமாகப் படம் எடுத்து வைத்தார். வகிடு எடுத்த நேர்த்தியைப் பார்த்தாலே சீப்பு பிடித்த கையின் பழக்கம் தெரிந்துவிடும்.

இனி உங்கள் வீட்டு விஷயம்.

உங்கள் சீப்பு உபயோகத்தில் இருந்ததா, விற்பனைக்கென்றே செய்ததா என்று நீங்களே பார்க்கலாம். குமாசிக்கு அருகில் அஹ்வியா என்ற ஊரே செதுக்குவேலைக்குப் பேர்போனது. பயணிகளுக்காகவும் அங்கே நிறையச் செய்கிறார்கள். புதுச் சரக்கில் கறுப்புச் சாயம் எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். பல்லின் உள்விளிம்பைத் தடவினால் உளி விட்ட கூர் விரலில் தட்டும். தலையில் புழங்கிய சீப்பில் பற்களின் நடுப்பகுதி வழவழப்பாகி, நுனி உருண்டு, எண்ணெய் ஊறிய இடம் மட்டும் கருத்து மின்னும். கை பிடிக்கும் கழுத்தில் செதுக்குக் கோடுகள் தேய்ந்திருக்கும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் இடதுபுறம் இருக்கும் மூன்று பற்கள் மற்றவற்றைவிடத் தேய்ந்திருக்கின்றன. ஒரே கை, ஒரே பக்கமாகப் பிடித்து நாளெல்லாம் வாரியிருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் கடையில் வாங்கிக் கொடுக்கவில்லை. தன் சீப்பையோ தன் வீட்டுச் சீப்பையோதான் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

மகள் அணியலாமா? அணிவதில் அவமரியாதை எதுவும் இல்லை, அணியத்தான் செய்தார்கள். சிக்கல் நம் முடியில் இருக்கிறது. எண்ணெய் தேய்த்த நேர்முடியில் இந்தப் பற்களுக்குப் பிடிமானம் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவில் நழுவி விழுந்தால் பல் முறியும். ஆசைக்கு வீட்டில் செருகிப் படம் எடுத்துக்கொள்ளட்டும். விழாவுக்கு வேண்டுமானால் கானாவில் இன்றும் புதிதாகச் செய்வதில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். செதுக்குகிறவருக்கும் நாலு காசு கிடைக்கும். யாராவது கேட்டால், "ஆப்பிரிக்கச் சீப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல் அசாந்தே சீப்பு என்றே சொல்லச் சொல்லுங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் போட்டு மெருகேற்ற வேண்டாம். தூசி ஒட்டும், பழைய கருமையும் கலையும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். ஆணியில் மாட்டாதீர்கள்; கழுத்துதான் பலவீனமான இடம். பருத்தித் துணியில் கிடத்தி, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். அடியில் மாவு போல் உதிர்ந்து கிடந்தால் வண்டு துளைக்கிறது என்று பொருள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிட்டால் பூச்சி செத்துப்போகும்.

வெள்ளை ஊசிதான் கொஞ்சம் கவனம் வேண்டிய விஷயம். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எலும்பாக இருந்தால் ஊசிமுனையால் குத்தியது போலக் கருப்புப் புள்ளிகளும் மெல்லிய கீற்றுகளும் தெரியும். அவை இரத்தக் குழாய் ஓடிய வழிகள். யானைத் தந்தமாக இருந்தால் அந்தப் புள்ளிகள் இராது. குறுக்காக வெட்டுப்பட்ட முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை போல ஓடும். படத்தில் எனக்குப் புள்ளிகள் தெரிவது போலத்தான் இருக்கிறது, ஆனால் படத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன். ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்ப்பார்கள் சிலர்; பொருள் கெடும், செய்யாதீர்கள். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989-ல் தடை முடிவாகி, 1990-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வெளியிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தந்தத்தின் வணிகத்தையும் தடுத்துவிட்டது. ஆகவே தந்தமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை விற்கவோ, யாருக்கும் கொடுக்கவோ, வெளிநாட்டுக்கு அனுப்பவோ முயல வேண்டாம். மாவட்ட வன அலுவலகத்தில் காட்டி, மாமனார் காலத்துப் பொருள் என்று விவரம் சொல்லி, செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் ஆப்பிரிக்கச் சீப்புகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றின் சீட்டில் இனத்தின் பெயரும் தோராயமான காலமும்தான் இருக்கும். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது இராது. பரிசாகக் கொடுக்கவே பிறந்த பொருளுக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. உங்கள் வீட்டில் வாங்கியவர் இன்னும் இருக்கிறார். உங்கள் மாமியாரை உட்காரவைத்துக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தத் தெரு, அந்தப் பெண் பெயர் என்ன, என்ன வேலை செய்தார், என்ன சொல்லிக் கொடுத்தார், இவர் பதிலுக்கு என்ன கொடுத்துவிட்டு வந்தார். நினைவில்லை என்றுதான் தொடங்குவார். சீப்பைக் கையில் கொடுத்துக் கேட்டால் ஒவ்வொன்றாக வரும். வந்ததை வந்தபடி ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, சீப்போடு சேர்த்து வையுங்கள். அது முடிந்தபின் சீப்பைத் துடைத்துக்கொள்ளலாம்.